தெற்கே சாய்ந்த தூர்கள்

கோட்டைச்சாமியின் கருவேலங்காட்டுக்குள் பொக்லைன் இறங்கிவிட்டது என்று பிச்சையம்மாள் மூச்சிரைக்க ஓடிவந்து சொன்னபோது, மாயக்காள் கஞ்சிக்கு வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். உரித்த வெங்காயம் உரித்தபடி கிடந்தது. எழுந்து கதவிடுக்கில் செருகியிருந்த அருவாளை உருவினாள்.

“யாருடி கொண்டாந்தது?”

பிச்சையம்மாள் மாயக்காளோடு விறகு வெட்டப் போகிறவள். வாய் ஓயாத ஆள். அன்றைக்கு மட்டும் வாய்க்குள் கொழுக்கட்டையை வைத்தவள்போல நின்றாள்.

“கேக்குறேன்ல?”

“உம் மருமகன்தான்க்கா. விஜயபாண்டி. தூரோட பிடுங்கப் போறாராம்.”

வேற்றாள் என்றால் வாய்க்கு வந்தபடி ஏசி, மண்ணை வாரித் தூற்றிவிட்டுப் போயிருப்பாள். இவன் பெண்ணைக் கட்டியவன். மாப்பிள்ளை என்று வாய் நிறையக் கூப்பிட்டு, கோழி அடித்துப் போட்டு, கை கழுவத் தண்ணீர் ஊற்றிய ஆள். அவன்தான் அவள் அடுப்பில் மண்ணள்ளிப் போட வந்திருக்கிறான்.

“எந்தம்பி எங்க?”

“முன்னாடியே போயிட்டாருக்கா. கையில அருவா இருக்கு. அதான் எனக்குப் பயமா இருக்கு.”

மாயக்காளுக்கும் அதுதான் பயம். தம்பி பாண்டீஸ்வரனுக்குக் கோபம் வந்தால் கண் மண் தெரியாது. அவனுக்கு முன்னால் தான் போய் நின்றாக வேண்டும் என்று செருப்பைக்கூட மாட்டாமல் நடந்தாள்.

பரளச்சிப் பக்கம் சீமைக்கருவேலையைத் திட்டாத ஆள் கிடையாது. தண்ணீரைக் குடிக்கிறது, நிலத்தைக் கெடுக்கிறது, காலைக் கிழிக்கிறது என்று ஆளாளுக்கு ஒரு குறை சொல்வார்கள். எல்லாம் நிஜம்தான், யார் இல்லை என்றது? ஆனால் மழை ஏமாற்றிய வருஷமெல்லாம் பாதி ஊருக்குச் சோறு போட்டது அந்தச் சனியன்தான். வெட்டுகிறவர்கள் கணுக்கால் உயரத்துக்கு அடிமரத்தை விட்டுவிட்டு மேலே வெட்டுவார்கள். அந்த அடிக்குத்தான் தூர் என்று பெயர். ஒரு மழை விழட்டும், தூரைச் சுற்றிக் குச்சி குச்சியாகக் கிளம்பிவிடும். நாலாவது வருஷம் கைத்தண்டி விறகு நிற்கும். மறுபடி வெட்டலாம், மறுபடி விடலாம். தூரைத் தோண்டிவிட்டால் அதோடு சரி.

அதனால் அந்த வட்டாரத்தில் ஒரு முறை உண்டு. தூர் விட்டவருக்கே அடுத்த வெட்டு. நிலம் யாருடையதாகவும் இருக்கட்டும், போன தடவை பார்த்துப் பக்குவமாகத் தூர் விட்டுப்போனவரைக் கேட்காமல் இன்னொருவர் அருவாளோடு உள்ளே கால் வைக்கக் கூடாது. எழுதிவைத்த சட்டம் இல்லை. மீறியவன் வீட்டில் நல்லது கெட்டதுக்கு ஒருவரும் போகமாட்டார்கள், அவ்வளவுதான்.

சுற்றுவட்டத்தில் மற்ற காடெல்லாம் போய்விட்டது. ஒரு பக்கம் சோலார் தகடு முளைத்தது, இன்னொரு பக்கம் பிளாட் போட்டுக் கல் நட்டார்கள். நடந்துபோய் வெட்டுகிற தூரத்தில் மிச்சமிருந்தது கோட்டைச்சாமியின் காடு ஒன்றுதான். புருஷன் செத்த பிறகு மாயக்காள் யார் வாசலிலும் போய் நிற்காமல் காலம் தள்ளியது அந்தக் காட்டை நம்பித்தான். இந்தக் கோடையில் வெட்டு வருகிறது என்று நாலு வருஷமாகக் காத்திருந்தாள். போகிற வருகிற எல்லோரிடமும், “அது என் வெட்டு, என் தூரு. எப்படித் தளுத்து நிக்குது பாத்தீகளா?” என்று பீற்றிக்கொள்வாள். கேட்டுக் கேட்டு ஊருக்கே காது புளித்துப்போயிருந்தது.

காட்டை நெருங்கும்போதே சத்தம் கேட்டது. வேர் அறுகிற சத்தம். மாயக்காள் ஓட ஆரம்பித்தாள்.

மேற்கு ஓரத்தில் மஞ்சள் வண்டி நின்றது. அதன் கை ஒரு தூரைக் கவ்வி மேலே தூக்கியிருந்தது. மண்ணும் வேருமாகத் தொங்கிய அதைப் பார்த்ததும் மாயக்காளுக்குப் பெற்ற பிள்ளையைத் தலைகீழாகத் தூக்கியதுபோல் இருந்தது. வண்டிக்குப் பக்கத்தில் விஜயபாண்டி, கையில் மிஷின் ரம்பத்தோடு. அவனுக்கு எதிரே பாண்டீஸ்வரன் அருவாளை ஓங்கியபடி நின்றான். கொஞ்சம் தள்ளி டிராக்டர். அதன் டிரெய்லரில் சாய்ந்துகொண்டு, தண்ணீர்க் குடத்தோடு ஈஸ்வரி.

மகள் வந்திருக்கிறாள். புருஷனோடு, அந்தப் பக்கம்.

மாயக்காள் பார்க்காததுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நேரே போய்ப் பொக்லைன் கைக்கு அடியில் நின்றாள்.

“ஏத்தா, தள்ளு! கை வழுக்குச்சுன்னா நசுங்கிப் போவ!” என்று டிரைவர் நாகராஜ் மேலேயிருந்து கத்தினான்.

“போடு. போட்டு நசுக்கு. அதுக்குத்தானே வந்திருக்க?”

விஜயபாண்டி ரம்பத்தைக் கீழே இறக்கினான். “அத்தை, பெரியவுக நீங்க. இப்படி வந்து மறிக்கலாமா? ஊரே இந்த மரத்தைப் பிடுங்கு பிடுங்குன்னுதான சொல்லுது. கோட்டைச்சாமி அய்யா எனக்கு வாக்குக் குடுத்திருக்காக. தூர்க்கட்டைக்குச் சூளையில அடிபிடியா இருக்கு. பிடுங்கிட்டாச் சோளம் வெதைக்கலாம்னு அவுகளுக்கும் ஆசை.”

“எனக்கும்தான் மாப்ள வாக்குக் குடுத்திருக்காக. வைகாசியில வெட்டிக்கோ மாயக்கான்னு அவுக வாயாலதான சொன்னாக.”

“அப்ப அவுகளைக் கேளுங்க. என்னைய ஏன் மறிக்கிறீக?”

“ஏலே, என்னல எங்கக்காகிட்ட மல்லுக்கு நிக்கிற?” பாண்டீஸ்வரன் முன்னால் பாய்ந்தான். “நீ கட்டியிருக்கிறது எங்க வீட்டுப் பொண்ணு. அந்த நன்றிகூட இல்லையா ஒனக்கு?”

“பொண்ணு குடுத்தா காட்டையும் சேத்து எழுதி வாங்கிக்கிருவீகளோ?”

அவ்வளவுதான். பாண்டீஸ்வரனின் அருவாள் மேலே போனது. விஜயபாண்டி ரம்பத்தின் கயிற்றைச் சுண்டினான். அது உயிர் வந்து கிர்ரென்று அலறியது. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கிற இடம்கூட இல்லை. பிச்சையம்மாள், “அய்யோ, யாராச்சும் பிடிங்களேன்!” என்று தலையில் அடித்துக்கொண்டாள். யார் விழுந்தாலும் போவது மாயக்காளின் குடிதான். ஒன்று கூடப் பிறந்தவன், இன்னொன்று மகளின் தாலி.

“ரெண்டு பேரும் நிறுத்துங்கடா!” என்று பாய்ந்து தம்பியின் மணிக்கட்டைப் பிடித்துத் தொங்கினாள். அவளுடைய பாரம் தாங்காமல் அவன் தடுமாறினான். அருவாள் நுனி விஜயபாண்டியின் சட்டைக்கையைக் கிழித்துக்கொண்டு இறங்கியது. ரத்தம் வரவில்லை. வந்திருந்தால் கதையே வேறு.

அந்த நேரத்தில்தான் மொபட் சத்தம் கேட்டது. கோட்டைச்சாமி பாலவனத்தத்தில் மகன் வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பிக்கொண்டிருந்தார். யாரோ போன் போட்டிருக்க வேண்டும், வேட்டி ஒரு பக்கம், துண்டு ஒரு பக்கமாக வந்து இறங்கினார். நல்ல மனுஷன். ஒரே ஒரு கோளாறு, முகத்துக்கு நேரே யாருக்கும் இல்லை என்று சொல்ல வராது. வந்தவருக்கெல்லாம் தலையாட்டிவிட்டு, பிறகு ஒளிந்து திரிவார். இன்றைக்கு ஒளிய இடமில்லை.

“எங்காட்டுல ரத்தம் விழுகணுமாப்பா? ஏன்டா இப்படிப் பண்றீக?”

“அய்யா, நீங்க சொன்னீகளா, சொல்லலையா?” என்றான் விஜயபாண்டி.

“சொன்னேன்.”

“எனக்கு?” என்றாள் மாயக்காள்.

“ஒனக்கும் சொன்னேன் ஆத்தா.” அவர் துண்டால் கண்ணைத் துடைத்தார், அழுகையா வேர்வையா தெரியவில்லை. “நான் என்ன பண்றது? வந்து வந்து கேட்டா?”

இந்த மனுஷனைக் கட்டி வைத்து அடித்தால் என்ன என்று மாயக்காளுக்கு ஆத்திரமாக வந்தது. ஆனால் அவர் தடுமாறுகிற இந்த நிமிஷம்தான் தனக்கு வாய்த்த நேரம் என்றும் தெரிந்தது.

“நீங்க யாருக்கு வாக்குக் குடுத்தீகங்கிறது கெடக்கட்டும்யா. நம்ம பக்கத்து முறை என்ன? தூரு விட்டது யாரோ அவுகளுக்குத்தான வெட்டு? உள்ள வாங்க. தூரைப் பாருங்க. பாத்துட்டுச் சொல்லுங்க.”

கோட்டைச்சாமியின் முகம் தெளிந்தது. முடிவு தன் தலையில் விழாமல் தூரின் தலையில் விழுகிறதே! “அதுவும் நியாயம்தான். என்ன விஜயபாண்டி?”

விஜயபாண்டி தயங்கினான். அந்தத் தயக்கத்தைப் பார்த்ததும் மாயக்காளுக்குத் தைரியம் ஏறியது. தைரியம் என்ன தைரியம், கொழுப்பு என்றே சொல்லலாம். அருவாளைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்தாள்.

“கருப்பசாமி மேல ஆணை. நாலு வருசம் முந்தி இந்தக் கையால வெட்டுன காடு இது. என் கைவெட்டு இல்லைன்னு காட்டிருங்க மாப்ள, இந்த அருவாளை வெட்டுனவுக கால்ல போட்டுட்டுப் போயிருதேன். இந்தக் காட்டுப் பக்கம் திரும்பமாட்டேன். என் கைவெட்டுன்னா, நீங்க மிஷினைத் திருப்பிக்கிட்டுப் போகணும். சரியா?”

“சரி அத்தை” என்றான் விஜயபாண்டி, வேறு வழியில்லாமல்.

டிரெய்லர் பக்கம் குடம் டங்கென்று கீழே வைக்கிற சத்தம் கேட்டது. மாயக்காள் திரும்பவில்லை.

கோட்டைச்சாமி முன்னால் போனார். முள்ளை விலக்கி, உதிர்ந்த இலையை ஒரு குச்சியால் ஒதுக்கினார். யார் வெட்டு என்று தூரைப் பார்த்துச் சொல்வது ஒன்றும் பெரிய வித்தை இல்லை, அந்தப் பக்கத்துப் பிள்ளைகளுக்கே தெரியும். வெட்டுக் காலத்தில் அங்கே மேல்காற்றுதான் அடிக்கும். காற்றுக்கு முதுகைக் கொடுத்து, கிழக்கே பார்த்து நின்றுதான் வெட்டுவார்கள், இல்லாவிட்டால் அறுபட்ட கிளை முள்ளோடு வந்து முகத்தில் அறையும். வலக்கை வெட்டு வலமிருந்து இடமாக இறங்கும். அதனால் எல்லாருடைய தூரும் வடக்கே சரிந்திருக்கும். எவ்வளவு சரிவு, எவ்வளவு உயரம் என்பதில்தான் ஆளுக்கு ஆள் மாறும்.

“இந்தா, இதைப் பாரு” என்று குனிந்த கோட்டைச்சாமி அப்படியே நின்றார். பிறகு அடுத்த தூருக்குப் போனார். அதற்கடுத்ததற்கு. அவருடைய குச்சி வேகமாக இலையைக் கிளறியது.

“என்னய்யா?” என்றாள் மாயக்காள்.

“தெக்கால சாஞ்சிருக்கே ஆத்தா.”

மாயக்காள் உட்கார்ந்து பார்த்தாள். வெளுத்துப்போன வெட்டுமுகம், சுற்றிலும் கைத்தண்டி மரங்கள் கிளம்பி நிற்க, நடுவில் தெற்கு நோக்கி வழுவழுவென்று சரிந்திருந்தது. ஒரே வெட்டில் இறக்கிய சுத்தமான சரிவு. பட்டை கிழியவில்லை, பிளவு இல்லை. அவள் தவழாத குறையாக அடுத்த தூருக்குப் போனாள். தெற்கே. அதற்கடுத்ததும் தெற்கே. ஓரத்தில் ஒன்றிரண்டு மட்டும் வடக்கே சரிந்து நின்றன. மற்றதெல்லாம் இடக்கை வெட்டு.

அவளுக்குத் தெரிந்த இடக்கை ஒன்றுதான்.

எல்லாம் அப்போதுதான் ஞாபகம் வந்தது. வெட்டு தொடங்கிய மறுநாளே அவளுக்குக் குதிகாலில் முள் ஒடிந்து, கால் பூசணிக்காயாக வீங்கிப்போனது. உடைமரத்து நிழலில் உட்கார்ந்து விறகைக் கட்டுக் கட்டிக்கொண்டே, “அதை வெட்டு, இதை விடு, கையை ஓங்காம வெட்டு” என்று கத்தியது மட்டும்தான் அவள் செய்த வேலை. மொத்தக் காட்டையும் தனியாக வெட்டியது ஈஸ்வரி. அப்போது அவளுக்குக் கல்யாணம் ஆகவில்லை. பொழுது சாய்ந்தால் கையெல்லாம் கீறலோடு வந்து சுருண்டு படுப்பாள். மாயக்காள் இதை வேண்டுமென்று மறைக்கவில்லை, அதுதான் கொடுமை. மகள் வெட்டினால் தான் வெட்டியது என்றே நினைத்துவிட்டாள். அப்படியே ஊருக்கும் சொன்னாள், கடைசியில் கருப்பசாமிக்கும் சொல்லிவிட்டாள்.

விஜயபாண்டி சிரித்தான். “அட, இது எம்பொண்டாட்டி வெட்டுல்ல! எங்க வீட்டுல கருவேப்பில ஒடிச்சாக்கூட இடக்கையாலதான ஒடிப்பா. அய்யா, பாத்துக்கங்க, அப்ப வெட்டு எனக்குத்தான். நாகராஜு, வண்டிய எடு!”

“அவ வெட்டுனா எங்கக்கா வெட்டுன மாதிரிதான்!” என்றான் பாண்டீஸ்வரன். “கல்யாணத்துக்கு முந்தி வெட்டுனது. அதுல ஒனக்கென்ன பாத்தியதை?”

“கல்யாணம் ஆனப்பெறகு அவ எனக்குத்தான?”

மறுபடியும் அருவாள் ஒரு பக்கம், ரம்பம் ஒரு பக்கம். மாயக்காள் தரையைவிட்டு எழுந்திருக்கவில்லை. மகளைக் கூப்பிட்டு எனக்காக ஒரு வார்த்தை சொல்லு என்று கேட்கலாம். எந்த முகத்தை வைத்துக்கொண்டு கேட்பது?

ஈஸ்வரி தானாகவே வந்தாள். யாரையும் பார்க்காமல் முள்ளுக்குள் நுழைந்து, பொக்லைன் அடுத்துக் கவ்வவிருந்த தூரின்மேல், மரங்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

“ஏய், எந்திரி. என்ன கூத்து இது?” என்றான் விஜயபாண்டி.

“நாந்தான் வெட்டுனேன்.”

“அதைத்தான நானும் சொல்றேன்?”

“நீங்க எங்க சொன்னீக? எனக்குத்தான் வெட்டுன்னு சொன்னீக. எங்க மாமா எங்கக்கா வெட்டுன்னு சொல்றாக. எங்கம்மா...” அவள் மாயக்காள் பக்கம் திரும்பினாள். “எங்கம்மா நாலு வருசமா ஊரு பூரா என் வெட்டு, என் தூருன்னு தமுக்கடிச்சிருக்கு. நானும் பாத்துக்கிட்டேதான் இருக்கேன். எம்மக வெட்டுனான்னு ஒருவாட்டி சொல்லும், ஒருவாட்டி சொல்லும்னு. இன்னைக்கு சாமி மேல ஆணையே வச்சிருச்சு. ஏம்மா, காலு வீங்கி உக்காந்திருந்தது மறந்துபோச்சா ஒனக்கு?”

மாயக்காள் தலையைக் குனிந்துகொண்டாள். ஊரையே வாயால் கட்டி ஆண்டவள் மண்ணைக் கிள்ளினாள்.

“நாகராஜு, வண்டிய எடுன்னேன்ல!” விஜயபாண்டிக்கு முகம் கறுத்துவிட்டது. “உக்காந்தா உக்காரட்டும். கிட்டப் போனா எந்திரிச்சிருவா.”

இயந்திரம் உறுமியது. கை மேலே எழும்பி, மண் உதிர, ஈஸ்வரியின் தலைக்கு நேரே வந்து நின்றது. அவள் கண்ணை மூடிக்கொண்டாளே தவிர அசையவில்லை. இரண்டு கையாலும் தூரைப் பிடித்துக்கொண்டாள், அவ்வளவுதான். மாயக்காள் எப்படி எழுந்தாள், எப்படிப் பாய்ந்தாள் என்று அவளுக்கே தெரியாது. மகளின் முதுகின்மேல் விழுந்து மூடிக்கொண்டாள். முள் கிழித்த இடமெல்லாம் எரிந்தது.

“நகருமா” என்று ஈஸ்வரி முணுமுணுத்தாள்.

“மாட்டேன்டி.”

மேலே சத்தம் நின்றது. நாகராஜ் சாவியைத் திருகி அணைத்துவிட்டுக் கீழே குதித்தான். “யோவ், எனக்கும் பிள்ளை குட்டி இருக்குய்யா. பொம்பளையாளு மேல வண்டிய விடச் சொல்றியே, நீயெல்லாம் மனுசனா? நான் வாரேன்” என்று சொல்லிவிட்டுப் பீடியைப் பற்ற வைத்தான்.

கோட்டைச்சாமி முதல்தடவையாக ஒருவர் முகத்துக்கு நேரே இல்லை என்றார். “இல்லப்பா விஜயபாண்டி. தூரு விட்டது ஈஸ்வரி. அது என்ன சொல்லுதோ அதான். நான் குடுத்த ரெண்டு வாக்கையும் எடுத்துக்கிட்டேன். என்னைய வையிங்க, பரவாயில்ல.”

எல்லாரும் ஈஸ்வரியைப் பார்த்தார்கள். அவள் எழுந்து சேலையை உதறினாள்.

“அருவாளால வெட்டுறவுக வரலாம். கணுக்கால் உசரம் தூரு விடணும். மிஷினு வேணாம்.” புருஷனைப் பார்த்தாள். “நீங்களும் வரலாம். ரம்பத்தை வீட்டுல வச்சிட்டு வரணும்.”

“வீட்டுப் பக்கம் வந்துராத” என்றான் அவன்.

“வருவேன். அது என் வீடுந்தான். பொழுது சாய வருவேன்.”

விஜயபாண்டி டிராக்டரை முறுக்கிக் கிளப்பிக்கொண்டு போனான். இனி அந்த வீட்டில் என்ன நடக்குமோ என்று மாயக்காள் அவன் போன பாதையையே பார்த்தாள். ஆனால் அதற்கு முன்னால் அவள் செய்யவேண்டிய ஒரு காரியம் பாக்கியிருந்தது. சாமி மேல் வைத்த ஆணை சும்மாவா?

கீழே கிடந்த அருவாளை எடுத்தாள். மகளின் காலடியில் போட்டாள். போட்டுவிட்டு, ஊர்ப்பக்கம் திரும்பி நடந்தாள்.

“அக்கா, எங்க போற?” என்று பாண்டீஸ்வரன் பதறினான். அவள் நிற்கவில்லை. கண் மறைத்தது. காட்டு ஓரம்வரை வந்துவிட்டாள்.

“எம்மா!”

நின்றாள்.

“அருவாளைப் போட்டுட்டுக் காட்டு ஓரம்வரைக்கும் போயிட்ட, வாக்கு முடிஞ்சிருச்சு. இது இப்ப என் வெட்டு. எனக்கு ஆளு வேணும். கூலிக்கு வாரியா?”

மாயக்காளுக்குச் சுருக்கென்று தைத்தது. கூலிக்கா? பெற்றவளையா? ரோஷம் மூக்குவரை ஏறியது. திரும்பிப் பார்த்தாள். ஈஸ்வரி அந்த அருவாளை இடக்கையில் எடுத்து, பிடியை அவள் பக்கமாக நீட்டிக்கொண்டிருந்தாள். அம்மா வராமல் போய்விடுவாளோ என்ற பயம் அந்த முகத்தில் அப்பட்டமாகத் தெரிந்தது.

மாயக்காள் திரும்பி வந்து அருவாளை வாங்கினாள்.

“எங்கன நிக்கட்டும்?”

“நீ தெக்கால நில்லு. நான் வடக்கால நிக்கேன். அப்பத்தான் கை இடிக்காது.”

மறுநாள் காலையில் வெட்டு தொடங்கியது. பிச்சையம்மாளும் பாண்டீஸ்வரனும் கட்டுக் கட்டினார்கள். மேல்காற்று முதுகைத் தள்ளியது. வெயில் ஏறும்போது ஆடுகளை ஓட்டிக்கொண்டு வந்த சுந்தராம்பாள் வழக்கம்போலப் பாதையில் நின்று வாயைக் கிளறினாள்.

“என்ன மாயக்கா, ஒரு வழியா ஒன் வெட்டு வந்துருச்சு போல?”

ஈஸ்வரியின் அருவாள் பாதியில் நின்றது.

மாயக்காள் நிமிர்ந்து, நெற்றி வேர்வையை வழித்து எறிந்தாள்.

“என் வெட்டு இல்லடி. எம்மக வெட்டு. போன தடவையும் அவ வெட்டுதான். நான் கூலிக்கு வந்திருக்கேன்.”